குட்டி அழும் முன்னே எழுவது

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரவில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். கார் ஷெட்டிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, குளியலறையிலோ ஒரு பழைய சாக்கை விரித்து, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படுக்கப் போகிறார்கள். குட்டி விடிய விடியக் கத்துகிறது. காலையில் திறந்து பார்த்தால் சாக்கு நனைந்திருக்கிறது; தரை முழுக்க மலம் மிதிபட்டுக் கிடக்கிறது. "இன்னும் பழக்கம் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். உண்மையில் அந்த இரவில் ஒரு பழக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. படுத்த இடத்திலேயே போவது, அதன் மேலேயே படுத்துக்கொள்வது, கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொள்வது, இவைதான் அது கற்றவை. பகலில் எவ்வளவு கவனமாகப் பழக்கினாலும் இரவில் ஏழு மணி நேரம் அதற்கு நேர்மாறான பாடம் நடந்தால் பகல் பாடம் நிற்காது. ஆகவே இந்த அத்தியாயத்தில் வலியுறுத்துவது இதுதான்: முதல் இரண்டு மாதங்கள் குட்டி உங்கள் படுக்கைக்கு அருகில், கை எட்டும் தூரத்தில் படுக்க வேண்டும், அது அழுது எழுப்புவதற்கு முன்பே நீங்கள் எழுந்து அதை வெளியே கொண்டுபோக வேண்டும். உணவு நேரம், பெட்டியின் அளவு, தரையைத் துடைக்கும் முறை எல்லாம் இதற்குத் துணை நிற்பவை.

இது செல்லம் கொடுக்கும் யோசனை என்று தோன்றலாம். குட்டியின் உடல் வளரும் விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் வெளியேறும். வந்ததைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். கண்ணும் காதும் திறந்து, கால் ஊன்றி நடக்கத் தொடங்கும் மூன்றாவது வாரவாக்கில் குட்டி படுக்கையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போய்க் கழிக்க ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். குட்டிகள் எட்டு, ஒன்பது வார வயதில் குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்துகொண்டு அங்கேயே போகத் தொடங்குவதை அவர்கள் கண்டார்கள். அதாவது, படுக்கும் இடம் வேறு, கழிக்கும் இடம் வேறு என்ற உணர்வு குட்டியிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. கெடுக்காமல் இருந்தால் போதும். எந்த இடம் என்பதை அது முடிவு செய்யும் பருவமும், அது நம் வீட்டுக்கு வந்து சேரும் பருவமும் ஒன்றாகவே அமைகின்றன. இந்தியாவில் 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அந்த விதியை மதிக்காத இடத்தில், ஐந்து வாரக் குட்டிகளைச் சின்னக் கூண்டில் அவற்றின் கழிவிலேயே கிடத்தி வைத்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட குட்டிக்கு இந்த உணர்வு மழுங்கிப் போயிருக்கும். அதைப் பழக்க இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். வாங்கும்போதே தாயையும் அவை படுத்திருக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வாங்குவதுதான் நல்லது.

உணர்வு இருக்கிறது, அடக்கி வைக்கும் தெம்புதான் இன்னும் இல்லை. விழித்திருக்கும் குட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்குக் கால்நடை மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், மூன்று மாதக் குட்டிக்கு நான்கு. இது மேல் வரம்பு. விளையாடிக் களைத்திருந்தால், சாப்பிட்டிருந்தால், பயந்திருந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. தூக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பொமரேனியன், பக் போன்ற சிறிய இனங்களுக்குச் சிறுநீர்ப்பையும் சிறியது என்பதால் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் இரவோடு வைத்துப் பாருங்கள். பத்தரை மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் வீட்டில் நடுவே ஏழு மணி நேரம் இருக்கிறது. எட்டு வாரக் குட்டியால் அது முடியவே முடியாது. முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று அதன்மேல் கோபப்படுவதில் எந்த நியாயமும் இல்லை. இரவின் நடுவே ஒருவர் எழுந்தாக வேண்டும் என்பதே இந்தக் கணக்கு சொல்லும் விடை.

அப்படியானால் அது அழும்போது எழுந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குட்டி அழுது, நீங்கள் விழித்து, விளக்கைப் போட்டு, கதவுத் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அழுகைக்குப் பின்னே நீங்கள் வந்தால், அழுதால் ஆள் வரும் என்று குட்டி கற்கிறது. வராமல் இருந்தால் நனைந்த படுக்கையில் படுக்கப் பழகுகிறது. இந்த இரண்டு கெடுதலுக்கும் நடுவில் சிக்காமல் தப்பிக்க ஒரே வழி, அலாரம் வைத்து அதற்கு முன்பே எழுவது. இரவு பத்தரை மணிக்குக் கடைசியாக வெளியே விட்டால், ஒன்றரைக்கு ஒரு அலாரம், நாலரைக்கு ஒரு அலாரம். தூங்கும் குட்டியை எழுப்புவது பாவமாகத் தோன்றும், எழுப்பத்தான் வேண்டும். மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து படுக்கை நனையாமல் இருந்தால் முதல் அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளி வையுங்கள். மறுபடி நான்கு இரவுகள் சரியாக இருந்தால் இன்னொரு கால் மணி நேரம். ஒரு கட்டத்தில் இரண்டு அலாரங்கள் ஒன்றாகிவிடும். பிறகு அந்த ஒன்றும் விடியற்காலையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நான்கு மாத வயதை ஒட்டிப் பல குட்டிகள் ஆறு மணி நேரம் தூங்கிவிடுகின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சுமை என்பதை மறுக்க முடியாது. வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் முன்னிரவு ஒருவருக்கு, பின்னிரவு ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். சில வாரங்கள் எழ முடியாத சூழ்நிலையில் இருப்பவர், பரீட்சையோ பிரசவமோ வீட்டில் இருக்கும் நேரத்தில், குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவது குட்டிக்குச் செய்யும் நன்மை.

அருகில் படுக்க வைப்பதற்கு வரும் எதிர்ப்புகளில் வலுவானது காவல் பற்றியது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் பலர், வீட்டுக்குள் படுத்த நாய் காவலுக்கு உதவாது, முதல் நாளிலிருந்தே வாசலில் கட்ட வேண்டும் என்பார்கள். காவல் குணம் இனத்திலும் வளர்ந்த நாய் தன் வீட்டாரோடு கொண்ட பிணைப்பிலும் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டியிடம் காவல் என்று ஒன்றும் கிடையாது. வாசலில் தனியாகக் கட்டப்பட்ட குட்டி கற்பது பயத்தைத்தான். நேற்றுவரை தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து உறங்கிய உயிர் அது. தனிமையில் அது எழுப்பும் குரல் பிடிவாதம் கிடையாது. கூட்டத்தைத் தொலைத்த குட்டி கூட்டத்தைக் கூப்பிடும் குரல். பயந்து விழித்திருக்கும் உடல் அடிக்கடி கழிக்கும்; ஆழ்ந்து தூங்கும் உடல் அடக்கிக்கொள்ளும். ஆகவே அருகில் படுப்பது பாசத்துக்காக மட்டும் சொல்லப்படும் யோசனை இல்லை. படுக்கை நனையாமல் இருப்பதற்கும் அதுவே வழி. இன்னொன்று: கட்டிய குட்டி போகும் இடமும் படுக்கும் இடமும் சங்கிலியின் நீளத்துக்குள்தான் இருக்கும். தள்ளிப் போய்க் கழிக்கும் இயல்பை அந்தச் சங்கிலியே அழித்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து வராந்தாவில் படுக்க வேண்டிய நாயும் முதல் எட்டு வாரங்களை உள்ளே கழித்தால் எதையும் இழப்பதில்லை.

சுத்தம் பற்றிய தயக்கமும் உண்டு. பூஜை அறை இருக்கும் வீட்டில், பெரியவர்கள் இருக்கும் வீட்டில், படுக்கையறைக்குள் நாயை விடுவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த உணர்வை மதிக்கலாம். அதற்காகக் குட்டியைத் தனியே விட வேண்டியதில்லை. ஒருவர் சில வாரங்கள் ஹாலிலோ தாழ்வாரத்திலோ பாய் விரித்துக் குட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டால் போதும். எந்த அறை என்பது பொருட்டே கிடையாது. குட்டி புரளுவதும் முனகுவதும் காதில் விழும் தூரத்தில் ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதே முக்கியம்.

அருகில் என்றால் கட்டிலுக்கு மேலே என்றோ, அறை முழுக்கத் திரிய விடுவது என்றோ பொருள் கொள்ளக் கூடாது. திரிய விட்டால் அறையின் ஒரு மூலை படுக்கையாகும், எதிர் மூலை கழிப்பிடமாகும். குட்டி எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க மட்டும் இடம் உள்ள பெட்டி வேண்டும். அது ஏறிக் குதிக்க முடியாத உயரமுள்ள அட்டைப்பெட்டி போதும். கம்பிக் கூண்டு வாங்கினால் நாய் வளர வளர உபயோகப்படும், அதுவரை நடுவே பலகை வைத்து இடத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பெரிதாக வாங்கி அப்படியே விட்டால் பாதி படுக்கையாகவும் பாதி கழிப்பிடமாகவும் ஆகிவிடும். கூண்டில் அடைப்பது கொடுமை என்று சிலர் மனம் வருந்துவார்கள். அந்த வருத்தத்தில் உண்மை இருக்கிறது: பகலெல்லாம் அடைத்தால், தண்டனையாக அடைத்தால், தாங்க முடியாத நேரம் அடைத்தால் அது கொடுமைதான். பக்கத்தில் ஆள் படுத்திருக்க, மூன்று மணிக்கொரு முறை கதவு திறக்கும் பெட்டி அப்படிப்பட்டதில்லை. ஆனாலும் முதல் இரவே உள்ளே போட்டுப் பூட்டிவிடக் கூடாது. பகலில் கதவைத் திறந்தே வைத்து அதற்குள் சாப்பாடு போட்டு, அது தானாக நுழைந்து தூங்கும் அளவுக்குப் பழகிய பிறகே இரவில் சாத்த வேண்டும். நம் ஊர் வெயில் காலத்தில் காற்றோட்டம் மிக அவசியம். மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில், பருத்தித் துணி ஒன்றை மட்டும் விரித்து வையுங்கள். தடித்த மெத்தை சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்தது குட்டிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இரவு சரியாக இருக்க மாலை சரியாக இருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் குடல் அசைய ஆரம்பிப்பதால் குட்டிகள் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் மலம் கழிக்கும். கடைசி உணவை ஏழு மணிக்குள் கொடுத்து முடித்தால் படுக்கும் முன் வயிறு காலியாகிவிடும். ஒன்பதரைக்கு வீட்டார் சாப்பிட்டு எழும்போது மிச்சத்தைப் போடும் வழக்கம் நள்ளிரவு மலத்துக்குப் பெரிய காரணம். அதைவிடப் பெரிய காரணம் பால். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். கிண்ணம் நிறையப் பசும்பால் ஊற்றிச் சோறு பிசைந்து வைத்தால் பல குட்டிகளுக்கு வயிறு இளகும். இளகிய வயிற்றை எந்தப் பயிற்சியாலும் அடக்க முடியாது. தண்ணீரைப் பொறுத்தவரை, மாலையிலேயே கிண்ணத்தை எடுத்து ஒளித்துவிடும் யோசனையைப் பலர் சொல்வார்கள். சித்திரை வைகாசி வெக்கையில் அது ஆபத்து. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை தாராளமாகக் குடிக்கட்டும். பிறகு நாக்கு நனையும் அளவுக்குக் கொடுத்தால் போதும். இரவில் வெளியே போய் வந்தபின் மூச்சிரைத்தால் இரண்டு வாய் கொடுங்கள்.

அலாரம் அடித்ததும் நடக்க வேண்டியது சுருக்கமானது, சுவாரஸ்யம் இல்லாதது. அப்படித்தான் இருக்க வேண்டும். குட்டியைக் கையில் தூக்கிக்கொள்ளுங்கள். நடக்க விட்டால் நிலைப்படிக்கு முன்பே உட்கார்ந்துவிடும். கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி, தினமும் போகும் அதே இடத்தில் இறக்கிவிட்டு, நகராமல் நில்லுங்கள். "மூச்சா போ" என்று தாழ்ந்த குரலில் ஒரு முறை, எப்போதும் அதே சொல்லை. ஐந்து நிமிடம் காத்திருங்கள். போய் முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே நின்று, மெல்லப் பாராட்டி ஒரு சின்னத் தீனி கொடுங்கள். உள்ளே வந்தபின் கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாக அது எடுத்துக்கொள்ளும். பிறகு நேராகப் பெட்டிக்கு. பெரிய விளக்கு, பேச்சு, விளையாட்டு எதுவும் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு விளையாட்டு உண்டு என்று ஒரு தடவை தெரிந்தால் நாளையும் கேட்கும். போய் வந்த அரை மணி நேரத்துக்குள் முனகினால் அது தனிமை. கையைத் தொங்கவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள், தூக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்ட பிறகு முனகினால் சந்தேகத்தின் பலனைக் குட்டிக்குக் கொடுத்து வெளியே தூக்கிப் போங்கள்.

இடம் எது என்பதில் ஒரு எச்சரிக்கை அவசியம். பார்வோ வைரஸ் தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொல்லும் நோய். அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் பதினாறு வாரம்வரை இடைவெளி விட்டுத் தொடர்கின்றன. அவை முடியும்வரை தெரு நாய்கள் வந்து போகும் சாலையோரமும் காலி மனையும் கூடாது. கொல்லைப்புறத்தில் வேலிக்குள் ஒரு மூலை நல்லது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் அகலமான தட்டில் சுத்தமான மண்ணும் புல்லும் பரப்பி வைக்கலாம், அல்லது மொட்டை மாடியில் ஓர் இடத்தை ஒதுக்கலாம். மழைக் காலத்தில் பல குட்டிகள் நனைந்த தரையில் போக மறுக்கும். சன்ஷேடுக்கு அடியில் காய்ந்த மணல் போட்டு வைத்திருந்தால் குடை பிடித்து நிற்கும் அவதி குறையும். அந்த மாதங்களில் டார்ச் இல்லாமல் இருட்டில் இறங்காதீர்கள். பாம்பு ஒரு பக்கம்; தேரையைக் குட்டி வாயில் கவ்வினால் அதன் தோலிலிருந்து கசியும் நஞ்சில் வாய் நுரைத்துப்போகும்.

உள்ளேயே செய்தித்தாள் விரித்துவிட்டால் இவ்வளவு அலைச்சல் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். குட்டி எந்தப் பரப்பில் போய்ப் பழகுகிறதோ அந்தப் பரப்பையே காலடியில் தேடும். தாளில் பழகிய குட்டி நான்கு மாதத்தில் மண்ணில் போக மறுப்பதும், தரையில் கிடக்கும் அன்றைய பேப்பரில் உட்காருவதும் இதனால்தான். பால்கனியோ மாடியோ இல்லாத வீட்டிலும், இரவில் எழவே முடியாத முதியவர்களுக்கும் தாள் ஒரு வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் படுக்கைக்கு அருகில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள். முடிந்தவர்கள் ஒரே பாடத்தை இரண்டு முறை கற்பிக்கும் இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கலாம்.

இவ்வளவு செய்தும் சில இரவுகள் தவறும். அப்போது மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது என்று வழிவழியாக வந்த தண்டனைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்கிறவர்கள் காட்டும் ஆதாரம் ஒன்றுதான்: "அதற்கே தப்பு என்று தெரியும், முகத்தைப் பாருங்கள்." இதை அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியான ஆய்வில் 14 நாய்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டுப் போன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்ற முகத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வந்தது. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாக வந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது நம் கோபத்தைக் கண்ட பயம். இங்கிலாந்தில் ஹிபி, ரூனி, பிராட்ஷா ஆகியோர் 364 நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு, பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்கள் கூடுதலாகச் சொன்னபடி கேட்டதையும், தண்டனை அதிகமான வீடுகளில் நாய்களின் நடத்தைச் சிக்கல்களும் அதிகமாக இருந்ததையும் காட்டியது. இரவுப் பயிற்சியில் இதன் விளைவு நேரடியானது. அடிவாங்கிய குட்டி போகாமல் இருக்கக் கற்பதில்லை. உங்கள் கண் முன்னே போகாமல் இருக்கக் கற்கிறது. பிறகு கயிற்றின் மறுமுனையில் நீங்கள் நிற்கும்போது எவ்வளவு நேரமானாலும் போகாது, உள்ளே வந்து சோபாவுக்குப் பின்னால் போகும்.

தவறிய இடத்தைத் துடைப்பதுதான் செய்யக்கூடியது, அதையும் நன்றாகச் செய்ய வேண்டும். நம் மூக்குக்குப் பினாயில் வாசனை மட்டும் தெரியும் இடத்தில் குட்டிக்குப் பழைய சிறுநீரும் தெரியும். அமோனியா கலந்த திரவங்கள் அந்த வாடையைக் கூட்டவே செய்யும். கறுப்புப் பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருட்கள் குட்டியின் பாதத்திலும், பாதத்தை நக்கும் நாக்கிலும் படக் கூடாதவை. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட்டுத் துடையுங்கள். அது இல்லாவிட்டால் சம அளவு தண்ணீர் கலந்த வினிகர். காய்ந்தபின் கொஞ்சம் ஆப்ப சோடா தூவிப் பெருக்கிவிடலாம். மார்பிள் தரையில் வினிகர் பட்டால் பளபளப்புப் போகும், அங்கே வேண்டாம்.

தவறுகளை ஒரு காலண்டரில் குறித்து வைத்தால் நிறையத் தெரியவரும். பெரும்பாலும் தினமும் ஒரே மணியை ஒட்டியே நடந்திருக்கும். அலாரத்தை அதற்கு அரை மணி நேரம் முன்னே நகர்த்தினால் முடிந்தது. பல வாரங்கள் சரியாக இருந்த குட்டி திடீரென்று இரவில் மூன்று நான்கு முறை சொட்டுச் சொட்டாகப் போனாலோ, போகும்போது முனகினாலோ, சிறுநீரில் சிவப்புத் தெரிந்தாலோ, தண்ணீர் குடிப்பது வெகுவாகக் கூடினாலோ பயிற்சியைக் குறை சொல்லாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்று மருந்தில் குணமாகக் கூடியது. பேதியோடு சோர்வும் வாந்தியும் இருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

தொடர்ந்து மூன்று வாரங்கள் அலாரம் இல்லாமல் விடியும்வரை பெட்டி காய்ந்திருந்தால், நாய் எங்கே படுக்க வேண்டுமோ அந்த இடத்தை நோக்கிப் பெட்டியை நகர்த்தத் தொடங்கலாம். ஒரே இரவில் வராந்தாவுக்குக் கொண்டுபோய் வைக்காதீர்கள். கட்டிலருகிலிருந்து அறைக் கதவுக்கு, சில நாள் கழித்து ஹாலுக்கு, பிறகு வராந்தாவுக்கு. இடம் மாறிய முதல் இரண்டு இரவுகள் ஒரு அலாரத்தை மறுபடி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இந்த மாற்றத்தை ஆரம்பிக்காமல், இடி மின்னல் ஓய்ந்து தரை காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். தீபாவளி வெடிச் சத்தம் இருக்கும் வாரத்தில் பெட்டி உங்கள் அறைக்கே திரும்பி வரட்டும்.